தலைமாட்டில் நிற்கும் டாக்டர்களுக்கு

இதய அறுவை சிகிச்சை நடக்கும் ஆஸ்பத்திரிகளில் மயக்கவியல் துறையில் இருக்கும் டாக்டர்களுக்கும், அவர்களுடைய நேரத்துக்கு அட்டவணை போடும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

என் அப்பாவுக்குப் போன ஆவணியில் பைபாஸ் நடந்தது. 68 வயது, ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, வலது காது சுத்தமாகக் கேட்காது, இடது காதில் மிஷின் மாட்டியிருப்பார். இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறார், டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறார், குழம்பில் உப்பைக் குறைத்ததற்காக அம்மாவோடு சண்டை போடுகிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே குறையாக எழுதப்போகிற எதையும் நான் நன்றி மறந்து எழுதவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்றும் சொல்லப்போவதில்லை. பேரைச் சொன்னால் இது அந்த ஒரு கட்டடத்தின் சமாச்சாரமாகிவிடும், மற்றவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று கையில் கொடுத்த பில்லில் 'அனஸ்தீசியா சார்ஜஸ்' என்று ஒரு வரி இருந்தது. தொகை இருந்தது, பேர் இல்லை. சர்ஜன் பேர் சம்மரியின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில், படிப்போடு, பட்டங்களோடு இருந்தது. ஐந்து மணி நேரம் அப்பாவின் மூச்சைக் கையில் வைத்திருந்தவர் யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு அம்மா நேர்த்திக்கடன் செலுத்தப் போனபோது சர்ஜன் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணினார், நட்சத்திரம் தெரியாமலே. உங்கள் பேர் தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு சீட்டு வாங்கியிருப்பார்.

என் அத்தை மகன் கோயம்புத்தூரில் பெர்ஃபியூஷனிஸ்ட், ஆபரேஷன் நேரத்தில் இதயமும் நுரையீரலும் பார்க்கிற வேலையைப் பார்க்கும் ஹார்ட் லங் மிஷினை ஓட்டுகிறவன். அவன் சொல்லித்தான் உங்கள் வேலை எனக்கு அரைகுறையாகவாவது புரிந்தது. அதுவரை நானும் எல்லாரையும்போல 'மயக்க ஊசி போடுறவர்' என்றுதான் நினைத்திருந்தேன். ஊசியைப் போட்டு, ஆள் தூங்கியதும் வெளியே போய் டீ குடித்துவிட்டு, முடிகிற நேரத்துக்கு வந்து எழுப்பிவிடுவார். சிரிக்காதீர்கள், எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவன் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மணிக்கட்டு நாடிக்குள்ளே ஒரு மெல்லிய குழாய், துடிப்புக்குத் துடிப்பு பிரஷரைக் காட்ட. கழுத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாயில் இன்னொன்று, இதயத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்துகள் அதன் வழியாகத்தான் போகும். மூச்சுக்குழாய்க்குள் டியூப். அதற்குப் பக்கத்திலேயே உணவுக்குழாய்க்குள் இறங்கும் எக்கோ கருவி, இதயத்துக்கு முதுகுப்பக்கம் நின்று வால்வை எட்டிப் பார்க்கிற மாதிரி. இவ்வளவும் சர்ஜன் கத்தியை எடுப்பதற்கு முன்பே நீங்கள் முடித்து வைக்கிற வேலை.

அப்பாவுக்குப் பம்ப், அதாவது அந்த ஹார்ட் லங் மிஷின், போடவில்லை. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் தையல் போடும் முறை, நம் நாட்டில் நிறைய சர்ஜன்கள் அதில் கை தேர்ந்தவர்கள். முன்பக்கத்துக் குழாய் என்றால் அவ்வளவு பாடில்லை, பின்பக்கத்துக் குழாயில் ஒட்டுப் போட இதயத்தையே தூக்கிப் புரட்ட வேண்டுமாம். தூக்கியதும் பிரஷர் சரியும். அந்த நேரத்தில் மேஜையைத் தலைப்பக்கம் தாழ்த்தி, மருந்தைக் கூட்டி, அதற்கும் தாங்காவிட்டால் "சார், கொஞ்சம் கீழ வைங்க" என்று சர்ஜனிடமே சொல்ல வேண்டிய ஆள் நீங்கள். நடுவில் ஒரு துணித் திரை, அந்தப் பக்கம் திறந்த நெஞ்சு, இந்தப் பக்கம் தலைமாட்டில் நீங்கள்.

பம்ப் போடும் கேஸ் என்றால் கதை இன்னும் நீளம். ரத்தம் பிளாஸ்டிக் குழாயில் ஓடினால் உறைந்துவிடும், அதனால் முதலில் ஹெப்பாரின், கிலோவுக்கு 300லிருந்து 400 யூனிட். அப்புறம் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று ஒரு சோதனை. சாதாரணமாக இரண்டு நிமிஷ வாக்கில் உறைவது, 480 வினாடியைத் தாண்டினால்தான் பம்பை ஓட்டலாம் என்பது பெரும்பாலான இடங்களில் கணக்கு. ஓட ஆரம்பித்ததும் பொட்டாசியம் கலந்த திரவத்தை விட்டு இதயத்தை நிறுத்துவார்கள், மூச்சு மிஷினையும் நிறுத்திவிடுவார்கள். நாடியும் இல்லை, மூச்சும் இல்லை, ஆனால் ஆள் இருக்கிறார். எல்லாம் முடிந்தபின் ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின். அது சால்மன் மீனின் விந்திலிருந்து எடுத்த புரதமாம்! அவசரப்பட்டு ஏற்றினால் பிரஷர் படாரென்று விழும், சிலருக்கு ஒவ்வாமை வரும், அதனால்தான் மீன் ஒத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கேட்கிற வழக்கமும் இருக்கிறது என்றான்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா கேட்டது ஒன்றுதான். "இதெல்லாம் செய்யிற மகராசன் முன்னாடியே எங்களை வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போகக் கூடாதா?"

இந்த மடலே அந்தக் கேள்விதான். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

யாருமே வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். வந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை முதல் கேஸ் என்று சொல்லியிருந்தார்கள், திங்கட்கிழமை ராத்திரி ஒன்பதே காலுக்கு ஒரு இளம் டாக்டர் வந்தார். அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது பேஷண்ட்டோ, முகத்தில் அத்தனை களைப்பு. அப்பா பாதித் தூக்கத்தில் இருந்தார், காது மிஷினைக் கழற்றி வைத்திருந்தார். "ஐயா, வாயை நல்லாத் திறங்க, பல்லு ஏதாவது ஆடுதா, கழுத்தை அண்ணாத்துங்க, ரெண்டு மாடி ஏறுவீங்களா?" அப்பாவுக்குக் கால்வாசிதான் கேட்டிருக்கும், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆங்கிலத்தில் ஒரு ஃபாரம், நான்கு பக்கம். தம்பி கையெழுத்துப் போட்டான். மொத்தம் நான்கு நிமிஷம்.

கிளம்புகிற நேரத்தில் மேஜை மேலிருந்த மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு அவர் நின்றார். டாபாகிளிஃப்ளோசின் இருந்தது. "இதை எப்பக் கடைசியாச் சாப்பிட்டார்?" இன்றைக்குக் காலையில்தான் என்றோம். அவர் முகம் மாறிவிட்டது. வெளியே போய் யாரிடமோ போனில் பேசினார், திரும்பி வந்து நாளைக்கு ஆபரேஷன் இல்லை, வெள்ளிக்கிழமை என்றார்.

அப்போது எங்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. விஷயம் பிறகுதான் தெரிந்தது. சர்க்கரையை மூத்திரத்தில் இறக்கிவிடுகிற மாத்திரை அது, அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பட்டினியும் அறுவை சிகிச்சையின் அதிர்ச்சியும் சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். வழக்கமாக அப்படி ஏறும்போது சர்க்கரை அளவே 400, 500 என்று காட்டிக்கொடுத்துவிடும், இந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு அது 180, 200 என்று சாதுவாக நிற்குமாம், அதனால் கண்டுபிடிக்கவே நேரமாகிவிடும். ஆக, அந்த டாக்டர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. களைப்பிலும் அந்த டப்பாவைப் பார்த்தாரே, அந்தக் கண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தது பத்து நாளைக்கு முன்பு. ரத்தம் கட்டாமல் இருக்கச் சாப்பிடுகிற க்ளோபிடோக்ரலை 5 நாள் முன்பே நிறுத்துங்கள் என்று சர்ஜன் ஆபீஸிலிருந்து போன் வந்தது, நிறுத்தினோம். சர்க்கரை மாத்திரை கொடுப்பவர் எங்கள் ஊரில் வேறு டாக்டர், அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. 2020ல் காப்புரிமை முடிந்து கம்பெனி கம்பெனியாகப் போட ஆரம்பித்ததிலிருந்து அந்த மாத்திரை மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கிறது போலிருக்கிறது. இதுபோக, எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் கமுக்கமாக ஒரு சூரணமோ லேகியமோ சாப்பிடுவார்கள், டாக்டர் திட்டுவார் என்று சொல்லவே மாட்டார்கள். ராத்திரி ஒன்பதே காலுக்கு, நான்கு நிமிஷத்தில், காது கேட்காத மனுஷனிடமிருந்து இதையெல்லாம் எப்படிக் கறக்க முடியும்? தேதி குறித்த அன்றைக்கே உங்கள் அறைக்கு எங்களை அனுப்பியிருந்தால், மாத்திரைப் பையோடு வந்து உட்கார்ந்திருப்போமே.

பட்டினியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தெளிந்த நீரை 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம், இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம் போதும் என்று உங்கள் துறையின் வழிகாட்டுதல்களே சொல்கின்றன. வார்டில் சட்டம் என்னவோ ராத்திரி 12 மணியோடு வாயைக் கட்டு என்பதுதான், காலை எட்டு மணி கேஸுக்கும் அதே, மதியம் இரண்டு மணி கேஸுக்கும் அதே. பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா நாக்கு வறண்டு போய் ஈரத்துணியால் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரையால் வயிறு மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு வேறு கணக்கு இருக்கலாம். இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வோம்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ராத்திரியே டியூபை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை அப்பா பேசினார், காபி கேட்டார். நாங்கள் ஊருக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்கப் போன தம்பியிடம் அப்பா ரகசியமாகச் சொன்னார்: "ரெண்டாம் ஷிஃப்ட் ஆளு வரலைடா. கேட்டைப் பூட்டிட்டானுக. ஃபிரேம் ஓடிக்கிட்டே இருக்கு, யாராவது நிறுத்துங்கடா." மானிட்டர் சத்தமும் மூச்சு மிஷின் சத்தமும் அவருக்கு மில்லாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் குரல் ஏறியது. இந்த நர்ஸுகள் ராத்திரியானால் ஆட்களைக் கடத்தி விற்கிறார்கள் என்றார். அம்மாவைப் பார்த்து, செத்துப்போய்ப் பதினைந்து வருஷமான என் அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கழுத்துக் குழாயைப் பிடித்து இழுத்தார். நான் போனபோது கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடிந்தது: இரண்டு கையையும் கட்டிலின் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள். வாழ்க்கையில் ஒரு தடவைகூட எங்களை 'டி' போட்டுத் திட்டாத மனுஷன், ஒரு சின்னப் பெண்ணை, எங்கள் பிள்ளைகள் வயசிருக்கும், அவ்வளவு கேவலமான வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்.

விசாரித்தபோது வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஒருவர் நிற்காமலே சொன்னார்: "ஐசியு சைக்கோசிஸ்மா, நிறையப் பேருக்கு வரும், சரியாயிடும்." அம்மாவின் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும். சைக்கோ. அன்று ராத்திரி முழுக்க வெயிட்டிங் ஹாலின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, "நெஞ்சைச் சரி பண்ணக் குடுத்தேன், புத்தியை எடுத்துக்கிட்டாங்களே" என்று அழுதுகொண்டே இருந்தார். பேரன் பேத்திகளிடம் என்ன சொல்வது, வீட்டில் தனியாக வைத்துப் பார்க்க முடியுமா என்றெல்லாம் நாங்கள் பேச ஆரம்பித்துவிட்டோம், உண்மையாகவே.

திங்கள் ராத்திரி டியூட்டிக்கு வந்த ஒரு சிஸ்டர்தான் வெளியே வந்து கேட்டார், அப்பாவுக்குக் கண்ணாடி உண்டா, காது நல்லாக் கேக்குமா என்று. தம்பி பையைத் திறந்தான். ஆபரேஷனுக்கு முன்னால் எங்களிடம் கொடுத்த பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது: வாட்ச், மோதிரம், வெட்டியெடுத்த அரைஞாண் கயிறு, மூக்குக் கண்ணாடி, காது மிஷின். மூன்று நாளாக அந்த மனுஷன் எதுவும் சரியாகத் தெரியாமல், எதுவும் கேட்காமல், ராத்திரியும் பகலும் ஒரே வெளிச்சத்தில், உடம்பெல்லாம் குழாயோடு படுத்திருந்திருக்கிறார். வாயை அசைத்துக்கொண்டு கிட்டே வரும் நிழல்களை அவர் வேறு என்னவென்று நினைப்பார்? அந்த சிஸ்டர் மிஷினை மாட்டிவிட்டு, இடது காதுப்பக்கம் குனிந்து, "அப்பா, நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, இன்னைக்குத் திங்கக்கிழமை" என்று அரை மணிக்கு ஒரு தடவை சொன்னாராம். அம்மாவைப் பத்து நிமிஷம் உள்ளே விட்டார். அதனால் மட்டும் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், மருந்திலும் ஏதோ மாற்றினார்கள். செவ்வாய் ராத்திரி தூங்கினார், புதன்கிழமை தெளிந்துவிட்டார்.

இதற்கு டெலிரியம் என்று பேர் என்பதும், இதய அறுவை சிகிச்சை முடிந்த வயதானவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது, சில ஆய்வுகளில் அதற்கும் மேலேயே, இது வருகிறது என்பதும் வீட்டுக்கு வந்தபின் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. தூக்கமின்மை, வலி, காய்ச்சல், ஆக்ஸிஜன் குறைவு, மிடசோலம் மாதிரி தூங்க வைக்கும் மருந்துகள், ஏற்கெனவே லேசாக மறதி, நிறுத்திய குடி, கேட்காத காது, தெரியாத கண், எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. முழுசாகத் தடுக்க முடியாது, ஆனால் கண்ணாடி, காது மிஷின், கண்ணில் படும் ஒரு கடிகாரம், ஜன்னல் வெளிச்சம், தெரிந்த முகம், சீக்கிரம் எழுப்பி உட்கார வைப்பது, இவற்றால் குறைக்க முடியும். இதில் எதுவும் உங்களுக்குப் புதிதில்லை. ஐந்தில் ஒருவருக்கு வருகிற ஒன்றை ஐந்து பேரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பதில் என்ன சங்கடம்? "ரெண்டாவது, மூணாவது நாள் கொஞ்சம் மாத்திப் பேசுவார், உங்களைத் தெரியாத மாதிரி இருப்பார், பயப்படாதீங்க, பைத்தியம் இல்லை, நாலஞ்சு நாள்ல பெரும்பாலும் தெளிஞ்சிரும்." இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? அந்த அரை நிமிஷம் கிடைத்திருந்தால் என் அம்மா அந்த இரும்பு நாற்காலியில் வேறு மாதிரி உட்கார்ந்திருப்பார்.

இதில் ஒரு வேதனை என்னவென்றால் அப்பாவுக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, தனியாக இருக்கும்போது என்னிடம் கேட்டார், "அந்தப் புள்ளைய நான் ஏதும் அசிங்கமாத் திட்டினேனாம்மா?" இல்லைப்பா என்று பொய் சொன்னேன். நம்பவில்லை. செக்கப்புக்குப் போன அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டியை நிறுத்தி அரை கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, ஐசியு கதவுப் பக்கம் போய் நின்றார். அந்தப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டதாம். பால்கோவாவை வேறு யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

தெளிவு வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை வைக்கிறீர்களே, அதையும் பார்த்தேன். நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார், ஏ வரும்போதெல்லாம் கையை அழுத்த வேண்டும். பத்து எழுத்து, அதில் நான்கு ஏ. நல்ல சோதனை, கவனம் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். அப்பா எட்டாவது வரை படித்தவர், அழுத்தினார். எழுத்தே தெரியாதவரிடம் இதைச் செய்தால் அவர் குழம்பியிருக்கிறார் என்று எழுதுவீர்களா, பள்ளிக்கூடம் போகவில்லை என்று எழுதுவீர்களா? 'அம்மா' என்று சொல்லும்போது அழுத்துங்கள் என்றோ, ஒரு எண்ணைச் சொல்லியோ வைத்துக்கொண்டால் போயிற்று.

வலிக்கும் இதே பாடுதான். "பத்துக்கு எத்தனை வலிக்குது ஐயா?" என்று கேட்டார்கள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க பாத்துப் போடுங்க சார்" என்றார். மார்க் என்று நினைத்துக்கொண்டார்! எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வதே அவரைக் குறை சொல்கிற மாதிரி. "பரவாயில்ல" என்று ஒரு வார்த்தை, அதற்குள் எல்லா அளவும் அடக்கம். ஆனால் நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கும்போது வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தால் இரும மாட்டார், இருமாவிட்டால் சளி தங்கும், தங்கினால் நிமோனியா. வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் இல்லை, இருமுகிற அளவுக்கு வலி குறைய வேண்டும், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார். சொன்னால் கேட்கிற ஆள்தான்.

அப்புறம் மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கிற அந்த மூன்று பந்து. பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று அறை, 600, 900, 1200 என்று எழுதியிருக்கும், ஒரு ட்யூப். எல்லாரும் அதை 'பந்து ஊதுறது' என்றே சொல்கிறோம், வார்டு ஆயாவிலிருந்து நோயாளி வரை. அதனால் அப்பாவும் ஊதினார். இரண்டு நாள், கண்ணு பிதுங்க, முகம் சிவக்க ஊதிக்கொண்டே இருந்தார், பந்து அசையவே இல்லை. நாங்களும் சுற்றி நின்று, "இன்னும் வேகமா ஊதுங்கப்பா" என்று உற்சாகம் கொடுத்தோம். மூன்றாம் நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஊதக் கூடாதாம், உறிஞ்ச வேண்டுமாம், ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கிற மாதிரி. உறிஞ்சியதும் முதல் பந்து டக்கென்று மேலே போனது, அப்பா சிரித்தார், சிரித்ததும் தையல் வலித்தது. பத்து நாள் முன்பே அந்த டப்பாவைக் கொடுத்துப் பழக்கியிருந்தால் வீட்டிலேயே மூன்று பந்தையும் தூக்கிப் பழகிக்கொண்டு வந்திருப்பார்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். தெரியும். எம்பிபிஎஸ், மூன்று வருஷம் எம்டி, அதற்கு மேல் இன்னொரு மூன்று வருஷம் இதய மயக்கவியல் என்று படித்துவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர், ஒரு நாளைக்கு எத்தனை கேஸ், ஒரு தியேட்டரிலிருந்து அடுத்த தியேட்டருக்கு ஓடுகிற ஓட்டம், எல்லாம் அத்தை மகன் சொல்லிவிட்டான். அதனால்தான் இந்த மடல் நிர்வாகத்துக்கும் சேர்த்து. வால்வுக்கு ரேட் போடுகிறீர்கள், ரூமுக்கு ரேட் போடுகிறீர்கள், ஒரு மயக்கவியல் டாக்டர் இருபது நிமிஷம் உட்கார்ந்து பேசுவதற்கும் ஒரு அறை, ஒரு நேரம், வேண்டுமென்றால் ஒரு ரேட், போட்டு வையுங்கள். தேதி குறித்த நாளிலேயே அங்கே அனுப்புங்கள். காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறவரையும் காசு கட்டி வருகிறவரையும் ஒரே நாற்காலியில் உட்கார வையுங்கள். கையெழுத்து வாங்குகிற ஃபாரம் தமிழில் இருக்கட்டும், அதைப் படிக்க ஒரு நாளாவது கொடுங்கள். கண்ணாடியும் காது மிஷினும் பேர் எழுதிய டப்பாவில் நோயாளியோடு ஐசியுவுக்குள் போகட்டும், எங்கள் பைக்குள் வேண்டாம். தொற்று வரும் என்று பயந்தால் எங்களில் ஒருவருக்குக் கவுன் மாட்டிவிட்டு, காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் விடுங்கள். அப்புறம், பில்லிலும் சம்மரியிலும் உங்கள் பேர்.

பேர் விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகம் பேசுவதாகத் தோன்றலாம். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவள். 1975ல் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் கே.எம். செரியன் நாட்டின் முதல் பைபாஸைச் செய்தார் என்று பிள்ளைகள் பொது அறிவுக்குப் படிக்கிறார்கள். அன்றைக்குத் தலைமாட்டில் நின்றது யார் என்று எந்தத் தேர்விலும் கேட்டு நான் பார்த்ததில்லை. 1846 அக்டோபர் 16ஆம் தேதி பாஸ்டனில் மார்ட்டன் ஈதர் கொடுத்து வலியில்லாமல் அறுவை நடத்திக் காட்டியதால் அந்த நாள் உங்களுக்கு உலக மயக்கவியல் தினம். அன்றைக்குக் கருத்தரங்கம் வைப்பீர்கள், வையுங்கள். கூடவே ஒரு மணி நேரம் ஓ.பி. வாசலில் நாலு நாற்காலியைப் போட்டு வெள்ளைக் கோட்டோடு வந்து உட்காருங்களேன். எங்கள் ஆட்கள் சும்மா போக மாட்டார்கள், கேள்வி கேட்பார்கள்.

கேள்வி என்றதும் என் சித்தி. சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர், 55 வயது, சின்ன வயசில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலால் வால்வு சுருங்கிவிட்டது, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். தை மாதம் வால்வு மாற்றத் தேதி குறித்திருக்கிறார்கள், இது பம்ப் போடும் கேஸ். அப்பாவுக்கு நடந்ததையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர் என்பதால் பயம் இரண்டு மடங்கு. அவருக்கு ஏபிசிடி தெரியாது, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மீன் ஒத்துக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லாமல் சாப்பிட மாட்டார். என்னிடம் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மேல்பல்லு ரெண்டு ஆடுதே, குழாய் போடுறப்ப கழண்டு உள்ள போயிட்டா என்ன பண்ணுவாங்க, இப்பவே பிடுங்கிரவா?"

"அசிட்ரோம் மாத்திரைய என்னைக்கு ராத்திரியோட நிறுத்தணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"பாதியில எனக்கு முழிப்பு வந்துட்டா, கைகால் அசைக்க முடியாதாமே, நான் எப்படிம்மா அவுங்ககிட்டச் சொல்றது?"

அட்மிஷன் தை 20. அதற்கு முந்தின வாரம் எந்த நாள், எந்த நேரம் சொன்னாலும் மாத்திரைப் பையோடு கூட்டிக்கொண்டு வருகிறேன்.